தீக்குச்சி நுழையும் ஓட்டை

தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பழைய கப்ளிங் தேடி, போன வாரம் தஞ்சாவூரில் இரும்புக் கடை ஒன்றுக்குப் போனேன். மூலையில் ஓர் ஈயத் தட்டு கிடந்தது. பரப்பு முழுக்க ஆயிரக்கணக்கில் ஓட்டை. கப்ளிங்கை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் பெயர் கொலிமேட்டர். சிறிய ஸ்கேன் சென்டர் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தபோது தினமும் என் கையில் புரண்டது. நோயாளிக்கு ஏற்றும் கதிர்மருந்து எலும்பில் தங்கி வெளியே கதிர் வீசும். அதைப் படமெடுக்கும் காமிராவுக்கு முன்னால் இந்தத் தட்டை மாட்டினால் நேராக வருகிற கதிர் மட்டும் உள்ளே போகும். எங்களிடம் இரண்டு தட்டுகள் இருந்தன. பெரிய ஓட்டைத் தட்டு கதிரை நிறைய வாங்கும். படம் சீக்கிரம் முடியும், ஆனால் கலங்கும். பொடி ஓட்டைத் தட்டில் படம் தெளிவு, நேரம்தான் தின்னும். சல்லடை சமாசாரம்தான்.

ஒரு நாள் திருச்சியிலிருந்து மருந்து வண்டி தாமதம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்களாம்.

"எங்க நெல்லும் அங்கதான் தம்பி காயுது," என்றார் அன்றைய இரண்டாவது நோயாளி கலியபெருமாள், குற்றவாளி போல. புராஸ்டேட் புற்றுநோய், கூடவே முதுகுவலி. எலும்புக்குப் பரவவில்லை என்றால் திங்கட்கிழமை ஆபரேஷன். பரவியிருந்தால் ஆபரேஷனே கிடையாது.

இந்த மருந்தின் வீரியம் மணிக்கு மணி குறையும். முதல் நோயாளிக்கு மாட்டிய பெரிய ஓட்டைத் தட்டு காமிராவிலேயே இருந்தது. அது கனத்த கனம், மாற்றச் சோம்பல். மருந்துதான் குறைந்துவிட்டதே, இதிலேயே எடுக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். சிறுநீர்ப்பையில் தங்கிய மருந்தும் பக்கத்து இடுப்பெலும்பும் ஒரே வெளிச்சமாக ஒட்டிக் கிடந்தன.

"எலும்புல எறங்கிடுச்சு போலருக்கே," என்று பேனாவைத் திறந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சில நொடிகளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் முதல் வரியை எழுதி முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"டாக்டர், பெரிய ஓட்டைத் தட்டுல எடுத்துட்டேன். மாத்திப் போட்டு இன்னொரு தடவ பாத்துடறேன்."

"இருக்கற மருந்துக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த முதுகுவலியோட படுத்திருப்பாரா?"

கலியபெருமாளிடம் போனேன். "ஐயா, மறுபடி படுக்கணும். அசையக் கூடாது. தப்பு என்னோடதுங்க."

அவர் என்னையே பார்த்தார். "மொதல்லயே ஒழுங்கா எடுத்திருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மேசையில் ஏறினார்.

திரையில் புள்ளிகள் சொட்டுச் சொட்டாக விழுந்தன. அவர் கால் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. கால் அசைந்தால் இடுப்பு அசையும், எல்லாம் வீண். "இன்னும் கொஞ்சம்தாங்க" என்று எத்தனை முறை பொய் சொன்னேனோ தெரியாது.

கடைசியில் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்தது. சிறுநீர்ப்பைக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. எலும்பு சுத்தமாக இருந்தது. டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"அப்ப ஆபரேஷன் உண்டா?"

"உண்டுங்கய்யா."

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அந்த சென்டர் இப்போது செல்போன் கடை. இரும்புக் கடைக்காரரிடம் ஒரு தீக்குச்சி வாங்கித் தட்டின் ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். சுலபமாக நுழைந்தது.

"இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சு சார், பொடி ஓட்டை," என்றார் அவர். "அதை அப்பவே உருக்கியாச்சு."