வைத்ததும் எடுக்கிற கை

முனிலட்சுமி யார் என்று பேரிகைப் பக்கம் கேட்டால், தேருக்குக் கட்டை போடுகிற ஆஞ்சப்பனின் பெண்சாதி என்பார்கள். அவள் பிறந்த ஊரில் கேட்டால், கிணறு வெட்டுகிறவர் வீட்டு மூத்த பெண், பொம்மை விமானம் விடுகிறானே சென்னகிருஷ்ணன், அவனுக்கு அக்கா என்பார்கள். ஓசூர் கம்பெனியில் உறவெல்லாம் யாருக்கும் தெரியாது. சால்டரிங் லைனில் கை சுத்தமான பொம்பளை, அவ்வளவுதான். மூன்றிலும் அவளுக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பேர்தான்.

கரண்டு மீட்டருக்குள் இருக்கும் பச்சை அட்டையில் கடுகு கடுகான சாமான்களை ஈயம் வைத்து ஒட்டுவது அவள் வேலை. சூடு கூடினால் அட்டை பொசுங்கிவிடும். "வெச்சியா, எடுத்துரு" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே லைன் லீடர் வினிதா சொல்லிக்கொடுத்தாள். வருஷக்கணக்கில் வைத்து வைத்து எடுத்து, அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிற்று. தோசையைக்கூட வேகுமுன் திருப்பிவிடுகிறாள் என்று ஆஞ்சப்பன் கேலி பேசுவான்.

தம்பி சென்னகிருஷ்ணன் லேத் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கெலவரப்பள்ளி அணைக் கரைக்குப் போய், தெர்மகோலில் தானே செய்த விமானத்தை ரிமோட்டில் பறக்கவிடுவான். இந்த வருஷம் அவனுக்கு ஒரு ஆசை வந்தது. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்த் தேர் தெற்கு முனையில் திரும்பும்போது, மேலே இருந்து சாமிக்குப் பூப் போட வேண்டும். திருவிழாக் கமிட்டித் தலைவர் நாராயணப்பனிடம் சொன்னான். அவர் ஊரெல்லாம் பேனர் கட்டிவிட்டார்.

பூப்பெட்டியைத் தூக்கப் பழைய மோட்டார் போதாது. பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, விரல் தடிமனுக்கு ஒயர் எல்லாம் வந்தது. அந்த ஒயரைப் பேட்டரியின் மஞ்சள் பிளக்கில் ஒட்ட, ஈயம் உருக்குகிற புது அயர்ன் வாங்க அக்காவும் தம்பியும் பாகலூர் ரோட்டுக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பேனா மாதிரி, ஊசி மூக்கு. இன்னொன்று தடியாக, மூக்கு திருப்புளி போலத் தட்டையாக இருந்தது.

"தடி ஒயருக்கு இதாம்மா. சின்னதுல சூடு ஏறாது" என்றார் கடைக்காரர்.

"இத எடுத்துக்கலாங்க்கா" என்றான் தம்பி.

"பான ஓட்ட அடைக்கறவன் கணக்கா இத புடிச்சிக்குனு ஒக்காரணுமாடா? பிளக்கே உருகிப்போவும். என் கை வெச்சது இதுவரைக்கும் ஒன்னாவது திரும்பி வந்துருக்குதா?"

அதற்கு மேல் யார் பேசுவது. ஊசி மூக்கையே வாங்கினார்கள். அன்றைக்கே அவள் பிளக்கை ஒட்டி, ஒயர்மேல் கறுப்பு உறை மாட்டி, சூடு காட்டிச் சுருக்கிக் கொடுத்தாள். பார்க்க நகைபோல இருந்தது. அணைக் கரையில் காலிப் பெட்டியோடு ஒரு வட்டம் பறக்கவிட்டுப் பார்த்தான். சரியாகத்தான் போயிற்று.

தேர் அன்று காலை அவள் மாவிளக்குத் தட்டோடு கோவிலுக்குப் போகும் வழியில், மைக் செட்டு மாரிசாமி தரையில் உட்கார்ந்து அறுந்துபோன ஸ்பீக்கர் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தான். கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்து ஆள். கையில் தடி அயர்ன். வைத்தவன் எடுக்கவே இல்லை. இவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்தபடியே நின்று பார்த்தாள். ஒயர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. பிறகு ஈயம் சுடுசோற்றில் நெய் இறங்குவதுபோல இழைக்குள்ளே இறங்கி மறைந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தான் வைத்த ஈயம் உள்ளே இறங்கவில்லை. மேலே பளபளவென்று உருண்டையாக நின்றது. அதைத்தான் அழகு என்று நினைத்து உறை போட்டு மூடியிருந்தாள்.

அந்தப் பிளக் விட்டுப்போனால் மோட்டார் மட்டுமா நிற்கும்? ரிமோட் பேச்சைக் கேட்பதற்கும் அதே பேட்டரிதான். விமானம் கல்லாக விழும். தெற்கு முனையில் விழும். அங்கே வடம் பிடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து ஓடிவிடுவார்கள். கட்டை போடுகிறவன் எங்கே ஓடுவான்? சக்கரத்தின் வாயில் குனிந்து, கட்டையைக் கொடுத்து உருவி, கொடுத்து உருவித்தான் தேரைத் திருப்ப வேண்டும். கண் சக்கரத்தை விட்டு நகரக் கூடாது. தலையில் ஏதாவது விழுந்து கை தடுமாறினால் சக்கரம் ஏறிவிடும். அங்கே குனிந்திருக்கப் போகிறவன் ஆஞ்சப்பன்.

தட்டை மாரிசாமி பக்கத்திலேயே வைத்துவிட்டு, தெற்கு முனையை ஒட்டிய ராகிக் காட்டுக்கு ஓடினாள். சென்னகிருஷ்ணன் பெட்டியில் சாமந்தியை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், பறக்கவுடாத. என் ஜாயிண்ட்டு சரியில்ல."

"வெளயாடாதக்கா. தேரு முனைக்கு வந்துருச்சி."

"வெளையாட்டு இல்லடா. வால கெட்டியா புடிச்சிக்கோ. மோட்டார முழுசா ஓட்டிக் காட்டு."

அவள் முகத்தைப் பார்த்து ஓட்டினான். மோட்டார் அலறியது, சாமந்தி இதழ்கள் பறந்தன. அணைத்ததும் அவள் கறுப்பு உறையை விரலால் அழுத்தினாள். ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் கரண்டு ஓடினால் சூடேறும். சுரீர் என்றது. விரலை உதறியபடி, "இப்ப நீ தொடு" என்றாள். தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மைக்கில் நாராயணப்பன் குரல் வந்தது. "விமானத் தம்பி, எங்கப்பா இருக்கற? சாமி திரும்பறதுக்குள்ள வருவியா, இல்ல அடுத்த வருசம் வருவியா?" கூட்டம் சிரித்தது.

"இன்னிக்கி பறக்கலன்னா இந்த ஊர்ல நான் தல காட்ட முடியாதுக்கா."

"பறக்கும். அதுக்கு மின்ன மைக் செட்டுக்கிட்ட தூக்கு."

ஜெனரேட்டர் பக்கத்தில் விமானத்தை இறக்கிப் பேட்டரியைக் கழற்றினார்கள். மாரிசாமியின் அயர்ன் இன்னும் சூடாகவே இருந்தது. முனிலட்சுமி உறையைக் கிழித்து ஒயரை லேசாக இழுத்தாள். ஆடின பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. தம்பியிடம் அதை ஒளிக்கவில்லை.

தடி அயர்னைப் பிடித்து வைத்தாள். வைத்த உடனே கை எழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் எழுந்தது. மண்டை சொல்வதைக் கை கேட்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டாள்.

முனையில் "ஏய், கட்ட போடு, கட்ட போடு" என்ற சத்தம் கேட்டது. தேர் திரும்பத் தொடங்கிவிட்டது.

"ஆயித்தா அக்கா?" முடிந்ததா என்று மாரிசாமி கன்னடத்தில் கேட்டான்.

"இல்லப்பா."

மஞ்சள் பிளக்கின் ஓரம் இளகுகிற வாசனை வந்தது. இங்கேதான் இத்தனை வருஷமும் பயந்து எடுத்திருப்பாள். எடுக்கவில்லை. ஈயம் கொஞ்சம் நடுங்கி, பொசுக்கென்று உள்ளே இறங்கியது. அப்புறம்தான் கையை எடுத்தாள். அடுத்த ஒயரும் அப்படியே. ஆறட்டும் என்று தம்பி குனிந்து ஊதப் போனான். அவன் வாயைப் பொத்தினாள். "தானா ஆறணும்."

மாரிசாமி கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொடுத்தான். வாலைப் பிடித்து மறுபடி முழு வேகத்தில் ஓட்டினார்கள். அவள் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் நெற்றிச் சூடுதான். "போ" என்றாள்.

விமானம் கூரைகளைத் தாண்டி எழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். முனிலட்சுமி மட்டும் பார்க்கவில்லை. மோட்டார் சத்தம் எங்காவது அறுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, சக்கரத்தடியில் குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் அறவில்லை. பெட்டி திறந்தது. ஆனால் தேர் அதற்குள் முக்கால்வாசி திரும்பிவிட்டது. பாதிப் பூ சாமியின் குடைமேல் விழுந்தது. மீதிப் பாதி பின்னால் தள்ளி, கட்டைக்காரர்கள்மேல் கொட்டியது. ஆஞ்சப்பன் நிமிரவில்லை. வேர்த்த பிடரியில் ஒட்டிய சாமந்தியை வண்டு என்று நினைத்துப் பட்டென்று அடித்துவிட்டு, அடுத்த கட்டையைக் கொடுத்தான்.

"பூவ சாமிக்கிப் போடச் சொன்னா, கட்டக்காரனுக்குப் போட்டியேப்பா" என்று நாராயணப்பன் மைக்கிலேயே சொன்னார். வடம் பிடித்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே விமானத்தை ராகிக் காட்டில் இறக்கினான். அவனுக்கு முன்னால் ஓடிப்போய் டேப்பைத் தொட்டுப் பார்த்தது அவள்தான்.

தேர் நிலைக்கு வந்த பிறகு ஆஞ்சப்பன் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தலையெல்லாம் இதழ்.

"உன் தம்பிக்கு சாமி எது, நான் எதுன்னு தெரியலயா?" என்றான். அப்புறம்தான் அவள் விரலில் கொப்புளத்தைக் கண்டான். "இன்னாடி இது?"

"ஊசி மூக்கு அயர்னு வாங்குனதுக்கு" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அவன் பிடரியில் நசுங்கிக் கிடந்த சாமந்தியை எடுத்துப் போட்டாள். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.