மலைக்குடிலுக்கு ஒரு போத்தல் தூள்

மோர்டன் நகரில் உள்ள எங்கள் வீட்டில் இன்று நனைந்த காலுறைகளை ஹீட்டரில் காயப்போட்டதும் எழுந்த கம்பளி வாசம் என்னை அந்தச் சுவிஸ் மலைக்குடிலுக்குக் கொண்டுபோனது. சிறுவயதில் கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் அங்கிருந்த சித்தப்பாவோடு மலையேறிப்போய், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முன்பின் தெரியாதவர்களோடு நீள மேசையில் நெருங்கியிருந்து ஆவி பறக்கும் பார்லி சூப் குடிப்போம்.

முதல்முறை, மடியில் ஒளித்த போத்தலிலிருந்து அம்மா யாழ்ப்பாணக் கறித்தூளைச் சூப்பில் தூவியதைக் குடிலை நடத்திய கிழவி கண்டுவிட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அவரோ தன் கோப்பையை நீட்டினார்.

“கனக்கப் போடாதேங்கோ அண்ணி, மனிசி தாங்காது,” என்றார் சித்தப்பா.

பிறகு கோடைதோறும் கிழவிக்கென்று ஒரு போத்தல் போனது. அவர் இறந்தபின் பாறை சரிந்து குடிலும் போய்விட்டது. அம்மா இப்போதும் தூள் இடித்தால் ஒரு போத்தலைத் தனியே எடுத்துவைக்கிறார்.

“ஆருக்கம்மா?” என்று கேட்டேன்.

“கிடக்கட்டும்,” என்றார்.