அண்ணிக்கு வந்த மூலம்

என் அண்ணி சட்டை ஆலையில் காலர் தைக்கிறாள். அங்கே மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறியிருக்க வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி, விட்டால் போயிற்று. போன தடவை அவள் கோட்டை விட்டபோது என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், தடியன். அதனால் இந்த முறை யாருக்கும் மூச்சு விடாமல், குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தாள்.

அங்கிருந்தே தோழிக்கு ஃபோன் வேறு. "மத்ததெல்லாம் பரவால்லடி. இந்த மூலம்தான் உயிரை வாங்குது. எது வெளிய வரணும், எது உள்ளயே நிக்கணும்னு ஒரு இழவும் புரியல!"

பல் துலக்கக் கதவுக்கு வெளியே காத்திருந்த அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. சரியான அவசரக் குடுக்கை. அன்றிலிருந்து பழமாக வாங்கிக் குவித்தான், குழம்பில் காரம் கூடாது என்றான், அவள் உட்காரும் நாற்காலியில் தலையணை போட்டான். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில், "கிளம்பு, டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வெட்கப்படாதே, மூலம் யாருக்கும் வர்றதுதான்" என்றான்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! அது வர்க்கமூலம்ங்க, கணக்கு! இன்னிக்குத்தான் பரீட்சை!"

எனக்குக் காபி புரையேறியது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, வண்டியை எடுத்தான். நானும் என் வண்டியில் பின்னாலேயே போனேன். இதை விட்டுவிட்டு வேலைக்குப் போவேனா?

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது இன்னும் நேரமிருந்தது. "அப்படி என்னதான் கஷ்டம் அதுல?" என்று அசடு வழிந்தான் அண்ணன். அண்ணி வண்டித் தூசியில் விரலால் √x³ என்று எழுதினாள்.

"உள்ள மூணு x பெருக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு x ஜோடி சேர்ந்தா, ஒரே x-ஆ வெளிய வரும். ஜோடி இல்லாதது உள்ளயே நிக்கும்." பக்கத்தில் x√x என்று போட்டாள். "புரிஞ்சுதா?"

"ரெண்டு போய் ஒண்ணு எப்படி வரும்? புரியலயே."

"போன தடவை எனக்கும் புரியல. நீங்க சிரிச்சீங்க."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். எனக்கே சுருக்கென்றது. அண்ணன் வேலைக்கும் போகவில்லை, நான் கூப்பிட்டும் வரவில்லை. வெயிலில் நின்று தூசியில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

அவள் வெளியே வந்ததும் வண்டியைக் காட்டினான். √x⁵, பக்கத்தில் x²√x. "சரியா பாரு."

அண்ணி குனிந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "சரிதான். நீங்க பாஸ்" என்றாள்.

அவள் பாஸான செய்தி வர மேலும் ஒரு மாதம் ஆனது.