காலியாக வந்த கிண்ணம்

போன மார்கழியில் நெய்வேலி நகரியத்தில், எங்கள் பிளாக் மாதர் மன்றக் கூடத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில் செல்போனில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டிய நானும் அதில் ஒரு மாணவி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் மறுபடி ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தது அப்போதுதான். நானாகப் போகவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் நிலக்கரி மைன்ஸில் ஒரே ஷிப்ட் பார்த்தவர்கள். இப்போது நாங்கள் இருவருமே அவரவர் மகன் பெயரில் உள்ள குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவர் ஊர் வழக்கப்படி என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வருஷக்கணக்காகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து மீன் குழம்பு வரும். கழுவின கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று இங்கிருந்து வடையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ போகும். அவரும் அப்படித்தான்.

டீச்சர் சின்னப் பெண். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற பெண். "எதையும் நட்ட நடுவுல வைக்காதீங்கம்மா, ஓரமா வைங்க. கண்ணு போறதுக்கு வழி வேணும்" என்று சொன்னாள். அது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எந்தக் கல்யாணப் படத்திலும் நான் ஓரத்தில்தானே நின்றிருக்கிறேன். இன்னொரு நாள் டெக்ஸ்சர் என்று ஒன்று சொன்னாள். பார்த்த உடனே கையால் தொட்ட மாதிரி இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து முருங்கைப் பட்டை, அம்மிக்கல், பாகற்காய் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினேன். ஒரு பொருளை அத்தனை நேரம் உற்றுப் பார்த்தது அதற்கு முன்னால் கிடையாது. பாகற்காய் அவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் சமைத்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை டீச்சர் பெரிய திரையில் போட்டுக் காட்டியது அக்கா எடுத்த படங்களை. ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் முகம். முகமெல்லாம் கரித்தூள், நடுவில் சிரிப்பு. அப்புறம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிற அம்மாவின் சுருக்கம் விழுந்த நெற்றி. கூடமே கை தட்டியது. நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

என் போன் மகன் வாங்கித் தந்த புதுப் போன். அவருடையது மூலையில் விரிசல் விட்ட பழசு. அந்த விரிசல் போனுக்குள்தான் ஊரில் இருக்கிற முகமெல்லாம் போய் உட்கார்ந்தது. என் படங்களில் மனிதர்கள் இருந்தால் அவர்களுக்கு முதுகுதான் இருக்கும். ஏனென்றால் நான் அவர்கள் கடந்துபோன பிறகுதான் போனைத் தூக்குவேன்.

"என்னம்மா, ஊரே உங்களைப் பாத்து முதுகைக் காட்டுதா?" என்று டீச்சர் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் கூடவே சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

வரும் வழியில் அவர் சொன்னார், "போயி கேளுங்க மதினி. கடிச்சா வச்சிருவாங்க?"

நல்ல மனசோடு சொன்னதுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அன்று அவர் வீட்டுக் கிண்ணத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒன்றும் போடாமல் அனுப்பிவிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை ஆளுக்கு ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டுவது என்று ஏற்பாடு. வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்க்க வருவார்கள். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். படத்தில் ஒரு முகம் இருக்க வேண்டும், அதையும் அவர்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முகம் இல்லாத படத்துக்குச் சுவரில் இடம் இல்லை. அக்காவுக்கு எந்த முகத்தைக் கொடுப்பது என்று குழப்பம். எனக்கு ஒன்றுகூட இல்லை. அவர் படம் தொங்குகிற சுவரில் என் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பையன் இறங்கினான். நல்ல முகம். "தம்பி" என்றேன்.

"கடலூர் பஸ்ஸாம்மா? இப்பத்தான் போச்சே" என்றான்.

"ஐயோ, போயிடுச்சா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் கொடியைத் துடைக்காமல் யாரும் துணி போட மாட்டோம். ராத்திரி காற்றில் வந்து படிகிற கரித்தூள் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டுவிடும். மகனின் பழைய பனியனால் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவள் அதை என் பக்கம் நீட்டினாள். "பாருங்கத்தை, நேத்துதான் தொடச்சேன். எம்மாங் கரி."

வெள்ளைத் துணியின் குறுக்கே மை இழுத்த மாதிரி ஒரு கோடு. அதற்குப் பின்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் முகம். கொடிக் கயிறு சாய்வாக மேலே ஏறிப் போனது.

மருமகளிடம்கூட நான் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "அப்பிடியே கொஞ்சம் நில்லும்மா, ஒரு படம் எடுத்துக்கிறேன்."

"என்னையா? நைட்டியோட நின்னுகினு இருக்கேன் அத்தை. மூஞ்சியாவது கழுவிகினு வரேனே."

"வேணாம். வெயிலு போயிடும்."

"வூட்டுக்காரரு பாத்தா சிரிப்பாரு" என்று சொல்லி அவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எடுத்துவிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குக் கிண்ணம் நிறையக் கேசரி கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அக்கா மாட்டியிருந்தது அந்தத் தொழிலாளியின் முகத்தை. கூட்டமெல்லாம் அங்கேதான். என் படம் ஜன்னல் ஓரமாகத் தொங்கியது. பார்த்தவர்கள் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அப்போது அக்கா என் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். "மதினி, இதுக்குள்ள ஒங்க படத்துல தூசி படிஞ்சிட்டே" என்று முந்தானையை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டைத் துடைக்கப் போனார். பாதியில் கை நின்றுவிட்டது. முந்தானையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக் கொடியையும் தினமும் அவர்தான் துடைக்கிறார்.

"எப்ப எடுத்தீங்க?" என்றார்.

"துணி காயப்போடுறப்பதான்."

அக்கா தலைவலி என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தேன். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூட.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை. கிண்ணத்தைச் சமையல் மேடையில் ஓரமாக, ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் மீன் குழம்பு வழக்கம்போல வந்தது, நானும் வழக்கம்போல வடை போட்டு அனுப்பினேன்.

அடுத்தவரைப் பார்த்து வயிறெரிந்தே காலத்தைக் கழித்த என்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறெரிந்தது என்று அந்தக் காலிக் கிண்ணம் வந்து சொன்னதே, அதை நினைத்துக்கொண்டால் முன்பின் தெரியாதவர்களிடம் போய் "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது.