ஐந்துக்குக் குறைந்தால் மரியாதை இல்லை

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். செய்தியை அதிகம் நம்புகிறவர்கள் யார்? டிவி பார்க்கிறவர்களா, பேப்பர் படிக்கிறவர்களா, வாட்ஸ்அப்பே கதியென்று கிடப்பவர்களா? மூன்று கூட்டத்தின் சராசரியையும் அனோவா என்ற கணக்கில் போட்டு ஒப்பிட வேண்டும். கூட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, கூட்டத்துக்கு உள்ளே இருக்கிற வித்தியாசத்தால் வகுக்கிற கணக்கு அது. ஏற்கனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. அந்த மாதமும் முடிக்காவிட்டால் என் பதிவு ரத்து.

படிவங்களோடு அன்னூர் போனேன். கொஞ்சமும் நம்பவில்லை என்றால் ஒன்று, முழுக்க நம்பினால் ஐந்து. ஒரு மளிகைக்கடைக்காரர் கால்மணி நேரம் டிவிக்காரர்களைத் திட்டித் தீர்த்தார். பிறகு ஐந்தில் டிக் அடித்தார்.

"ஏனுங்க, பூராப் பொய்யின்னு சொல்லிப்போட்டு அஞ்சு போடறீங்க?"

"பொய்யின்னது டிவியைங்க. மார்க்கு உங்களுக்குங்க. இத்தனை தூரம் வந்த புள்ளைக்கு மூணு போட்டு அனுப்பினா நல்லாவாங்க இருக்கும்?"

வெள்ளகோவிலிலும் அதே கூத்து. பேப்பர் நிறுத்தி வருசமாச்சு என்ற ஓர் அக்கா, மோர் கொடுத்து, பேப்பருக்கு ஐந்து போட்டார். ஒன்று குறைத்து நாலு போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா கண்ணு?" என்றார்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். மூன்று கூட்டத்திலும் எல்லோரும் ஐந்தே ஐந்து. கூட்டங்களுக்கு இடையே வித்தியாசம் பூஜ்யம். உள்ளேயும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் அது மட்டும் என்ன செய்யும்? விடை வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நின்றுகொண்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

என் ஆய்வு நெறியாளர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். "இது ஆவாதுங்க அம்மணி. ஆரம்பத்துல இருந்தே எனக்குச் சந்தேகந்தானுங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்புறம் எதுக்குங்க சார் ஆறு மாசத்துக்கொருக்கா முன்னேற்ற அறிக்கையில என்னோட வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டீங்க?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெயில்ல அலையற புள்ளை. கொறைச்சுப் போட்டா மனசு நோவாதுங்களா?"

பதிவு ரத்தானது. கையெழுத்துப் போட அலுவலகம் போனபோது கடைசியாக ஒரு படிவம் நீட்டினார்கள். நெறியாளரின் வழிகாட்டுதலுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தர வேண்டும். ஒன்றுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். அப்போது பார்த்து அவர் கையில் இரண்டு டீயோடு வந்து, ஒன்றை என் பக்கம் வைத்தார்.

பாழாய்ப்போன கை ஐந்துதான் போட்டது.