பனிக்கு அனுப்பிய மஃப்ளர்

இன்று இடப்பள்ளி கிளினிக்கில் நர்ஸ், "பனியுண்டோ அம்மே?" என்று கேட்டதும் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமான புதிது. ஊரெல்லாம் ஃப்ளூ. மட்டாஞ்சேரியில் என் கணவர்தான் பல குடும்பங்களுக்கு டாக்டர். காய்ச்சல்காரர் ஒருவருக்கு ஒரு மிளகு என்று கம்பவுண்டர் கணக்குக்காக ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டே வருவார். சாயங்காலம் பாட்டிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொல்வார்:

"சேச்சி, இன்னு பனி கூடுதலாணு. டாக்டர் லேட்டாகும்."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று மதுரைக்காரிக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை கேட்டதும் என்னவருக்கு மஃப்ளர் கொடுத்தனுப்பினேன்.

கொச்சிப் புழுக்கத்தில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே வீடு வந்தார், பாவி மனுஷன்.

இன்று அதை பீரோவிலிருந்து எடுத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நல்ல வெயில்.

டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: முடிந்தால் என்னுடையவரைக் கூப்பிடுங்கள்.