பாப்பம்மாவுக்காக நின்ற ஃபேக்டரி

1. தடித்துப்போன கோடு

"வயர்மேன், கொஞ்சம் வா லா. இசிஜி மெஷின் கிறுக்குது" என்று தோட்டத்து கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் தனபாலன் போனில் கூப்பிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் மோட்டார்களையும் கேபிள்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மருத்துவக் கருவி எதையும் அதுவரை தொட்டதில்லை. கிளினிக் ஃபேக்டரிச் சுவரை ஒட்டியே இருந்ததால் உடனே போய்விட்டேன்.

கட்டிலில் பாப்பம்மா அக்கா படுத்திருந்தார். கொழுந்து பறிப்பவர். மலைச்சரிவில் கூடையோடு உட்கார்ந்துவிட்டவரை லோரியில் ஏற்றி வந்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"காத்துப் பிடிப்புதான் தம்பி. ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போயிரும். என்னைய லயத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லு" என்றார்.

தனபாலன் என்னைத் தள்ளி அழைத்துப் போனார். "எனக்கு சந்தேகமா இருக்கு. தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் இருக்கு, வேற கேஸுக்கு கம்போங் ராஜாவுக்குக் கிளம்பப் போவுது. இங்க அனுப்பணுமான்னு டாக்டர் கேக்குறாரு. இந்தக் கோட்டப் பாத்து நான் என்ன சொல்றது?"

தாளைக் காட்டினார். இதயத் துடிப்பு தெரிய வேண்டிய இடத்தில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாகக் கோடுகள். கருவி கெட்டுப்போகவில்லை என்பது பார்த்ததும் புரிந்தது. ஃபேக்டரி கரண்ட் வந்து கலக்கும் மின் இரைச்சல் அது.

2. வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு

இளைய டெக்னீஷியன்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதயம் துடிக்கும்போது தோலுக்கு வந்து சேரும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உடம்பில் மின்சாரத்தைச் சுமப்பவை உப்பின் அயனிகள். வயரில் ஓடுபவை எலெக்ட்ரான்கள். இரண்டும் சந்திக்கும் இடம் தோலில் வைக்கும் எலெக்ட்ரோடு. அங்கிருந்து நீண்ட வயர்கள் வழியாகப் போன பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதைப் பெரிதாக்கும். போகிற வழியில் பக்கத்து மோட்டார்களின் இரைச்சலையும் அந்த வயர்கள் அள்ளிக்கொண்டு போகும்.

இன்று ஆய்வகங்களில் ஆர்கானிக் டிரான்சிஸ்டர் என்று ஒன்று செய்கிறார்கள். மின்சாரம் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். வளையும், தோலோடு ஒட்டும். உடம்பின் அயனிகள் அந்தப் படலத்துக்குள்ளேயே நுழைந்து அதன் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. வயரில் ஓடும் முன்பே, தோலின் மேலேயே சிக்னல் பெரிதாகிவிடுகிறது. அதைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் பாப்பம்மா அக்காவின் கட்டில்தான் கண்முன் வந்தது.

அன்று எங்களிடம் எலெக்ட்ரோடுக்குத் தடவும் பசைகூட காய்ந்துபோயிருந்தது. தனபாலன் பஞ்சுத் துணியை உப்புநீரில் நனைத்து எலெக்ட்ரோடுக்கு அடியில் வைத்தார். நான் எர்த் வயரைச் சுரண்டிப் புதிதாகக் கட்டினேன். விளக்குகளை அணைத்தோம், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். தாளில் அந்தச் சீப்புப் பற்கள் கொஞ்சம் குறைந்தன, ஆனால் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இலையை உருட்டும் ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

3. "நிப்பாட்டு"

டீமேக்கர் கோவிந்தன் அண்ணனிடம் ஓடினேன். ஃபேக்டரியில் தூள் தரமாக வருவதற்கு அவர்தான் பொறுப்பு.

"மெஷின நிப்பாட்டவா? ரோலர் பூரா இலை கெடக்கு. டிரையர்ல இருக்கிறது அப்படியே கருகிப் போவும் லா. துரை என்னையல்ல கேப்பாரு" என்றார்.

போனை எடுத்து மேனேஜர் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வயர்மேன் ஃபேக்டரியை நிறுத்தச் சொல்வது அங்கே யாரும் கேட்டிராத பேச்சு.

துரை கேட்டார்: "நிப்பாட்டுனா கோடு கண்டிப்பா சரியா வருமா?"

"வரும்னு நெனைக்கிறேன் துரை. நிச்சயமா சொல்ல முடியல."

அதற்கு அவர் சொன்னார்: "போன டீமேக்கர்கிட்ட குடு."

கோவிந்தன் அண்ணன் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "நிப்பாட்டச் சொல்லிட்டாரு. மொதல்ல டிரையரக் காலி பண்றேன், அப்பறம் மெயின எறக்கு" என்றார். அவரே இறங்கி ஆட்களோடு நின்று இலையைத் தள்ளினார்.

மெயின் சுவிட்சை இறக்கினேன். கிளினிக்குக்கு ஃபேக்டரியோடு சேராத தனி லைனில் கரண்ட், அதனால் கருவி ஓடியது. ஃபேக்டரி மெல்ல அடங்கியது. நான் கட்டிலருகே வந்தபோது கருவியின் எழுதும் ஊசி நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய, சுத்தமான கோடு.

தனபாலன் தாளை இழுத்துப் பார்த்தார், முகம் மாறியது. டாக்டருக்குப் போன் செய்து கோடு எங்கே தூக்கி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் வந்தது.

4. அக்கா திரும்பி வந்தார்

அவர் பிழைத்துக்கொண்டார். மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அன்று ரோலரில் கிடந்த இலை தரம் குறைந்துபோனது. துரை அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உடம்பு தேறிய அக்கா ஒரு நாள் ஃபேக்டரி வாசலுக்கு வந்தார்.

"நெசமா எனக்காகவா நிப்பாட்டுனீங்க?" என்று கோவிந்தன் அண்ணனிடம் கேட்டார். "இத்தன வருசம் கொழுந்து போட்டிருக்கேன். உள்ள மெஷின் நின்னு நான் பாத்ததே இல்ல."

"ஆமாம்மா, ஒனக்காகத்தான்" என்றார் அவர். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் கற்றது இதுதான். சிறிய சிக்னல் கேட்கவில்லை என்றால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். சுற்றியிருக்கும் இரைச்சலை யாரால் நிறுத்த முடியுமோ அவரிடம் போய்க் கேளுங்கள். நிச்சயமில்லாமல் கேட்ட எனக்காக நிறுத்திக் கொடுத்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.